ஆசிட் படாத இடம்

ஓய்வு பெற்ற ஒருத்தியிடம் பழைய அனுபவம் எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்பது ஆபத்தான காரியம். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டோம். அது தெரிந்தும் கேட்டிருக்கிறீர்கள், ஆகவே பின்விளைவுக்கு நான் பொறுப்பில்லை.

ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரே ஒரு கட்டியின் கதையைச் சொல்கிறேன். துண்டு வெட்டுவது எப்படி, சாயம் ஏற்றுவது எப்படி என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. இன்றைக்கு என்னைவிட உங்களுக்குத்தான் அது நன்றாகத் தெரியும். நான் சொல்ல வருவது, எல்லாரும் அவசரப்படுத்தும்போது ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருப்பதைப் பற்றி. அதில் ஒரு பெண்ணின் உயிர் இருந்தது. அந்த நேரத்தில் எனக்குப் பெரிய உதவி செய்தவர் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளி, அதுவும் அவர் செய்த ஒரு முட்டாள்தனத்தால். சிரிக்காமல் கேளுங்கள்.

சப்ரகமுவையில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயியல் நிபுணராக இருந்தேன். சுற்றுவட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் வெட்டி எடுக்கும் கட்டிகளெல்லாம் போத்தலில் அடைபட்டு எங்களிடம்தான் வரும். கருப்பைக் கட்டி என்று வருவதில் ஏறக்குறைய எல்லாமே ஃபைப்ரொய்ட், அதாவது யாருக்கும் கெடுதல் செய்யாத தசைக்கட்டி. வெட்டினால் வெள்ளைவெளேரென்று, நூல் சுற்றியது போல் இருக்கும். பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிடும். ஆபத்து அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

ஏனென்றால் கருப்பையில் வரும் அபூர்வமான சில புற்றுநோய்கள் வேஷக்காரர்கள். ஸ்கானில் ஃபைப்ரொய்ட் போலவே தெரியும். சத்திரசிகிச்சை செய்கிறவரின் கைக்கும் அப்படியே படும். சில நேரம் நுணுக்குக்காட்டியின் கீழும் அந்த வேஷம் கலையாது. இன்னும் சிலது சினைப்பைக் கட்டி என்றே நம்மை நம்பவைத்துவிடும். வருஷக்கணக்காக ஒன்றும் வராது, பிறகு சாதாரணப் போத்தல் ஒன்றில் சாதாரணமாக வந்து நிற்கும்.

ஸ்டெல்லாவின் கட்டி அப்படித்தான் வந்தது. ஸ்டெல்லா ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். முப்பதைத் தாண்டிய வயது. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. கணவர் பிரான்சிஸ் அதே தோட்டத்து ஸ்டோரில் வேலை. தோட்டங்களில் தொழிற்சாலையை ஸ்டோர் என்பார்கள். வெட்டிக் கொண்டுவரும் ரப்பர்ப் பாலை ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட் அடிக்கும் இடம். அடிவயிற்றில் கட்டி என்று தெரிந்ததும், பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்த பெண்நோயியல் நிபுணர் கருப்பையைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் கழற்றி எடுத்துவிட்டார்.

அந்த டொக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்களவர், என்னைவிட இளையவர், நல்ல கை, நல்ல மனசு. என்னை "அக்கே" என்றுதான் கூப்பிடுவார். ஸ்டெல்லாவின் அடுத்த மாதவிடாய் வந்த உடனே பிள்ளை உண்டாவதற்கான ஹோமோன் மாத்திரையை ஆரம்பிப்பதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குமுன் கட்டி ஃபைப்ரொய்ட்தான் என்று நான் எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

போயா என்னும் பௌர்ணமி விடுமுறையும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்த ஒரு நீண்ட விடுமுறைக்குப் பிறகு போத்தல் எங்களிடம் வந்தது. எங்கள் உதவியாளர் வழக்கம்போல் பழைய திரவத்தைக் கொட்டிவிட்டுப் திசு கெடாமல் வைக்கும் புதிய ஃபோர்மலினை ஊற்றி வைத்திருந்தார். நான் கட்டியை எடுத்தபோது வெளிப்புறம் கொஞ்சம் வெந்தது போல், சாம்பல் நிறமாக இருந்தது. விடுமுறையில் கிடந்ததல்லவா என்று நினைத்துக்கொண்டு வழக்கமான இடங்களில் துண்டு வெட்டினேன்.

ஸ்லைட் வந்தது. பார்த்தால் பெரும்பகுதியில் செல்கள் இல்லை, செல்களின் நிழல்தான் இருந்தது. உருவம் தெரிகிறது, நடுவில் இருக்க வேண்டிய நீலப் புள்ளியைக் காணோம். செத்துப்போன திசு அப்படித்தான் தெரியும். கட்டிக்குள் திசு தானாகச் சாவது கருப்பைத் தசையில் வரும் கொடிய புற்றுநோய் ஒன்றின் முக்கிய அடையாளம். அது வந்தால் கருப்பையை எடுத்தாலும் பிழைப்பது கஷ்டம்.

பக்கத்து அறையில் இருந்த சக நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணை வைத்து, கையை ஆட்டினார்.

"இவ்வளவு செத்திருக்கு. இதுல யோசிக்க என்ன இருக்கு? கெட்ட கட்டிதான். உடனே சொல்லிரு."

அதே நாள் பெண்நோயியல் டொக்டர் போன் செய்தார். எங்கள் பேச்சு சிங்களத்தில்தான் நடக்கும், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"அக்கே, ஃபைப்ரொய்ட் வாடிப் போனாலும் உள்ளே திசு சாகும்தானே? அப்படி எழுதினால் போதாதா? அந்தப் பெண்ணுக்கு இந்த வாரம் மாதவிடாய் வந்துவிடும். இந்த மாதம் தவறினால் மறுபடியும் காத்திருக்கணும். பாவம் அக்கே, தினமும் நர்ஸுக்குப் போன் செய்து கேட்கிறாள்."

அவர் சொன்னதிலும் பிழையில்லை. இரத்தம் போதாமல் வாடிய ஃபைப்ரொய்டும் இப்படித்தான் தெரியும். ஆக, ஒரு பக்கம் சாவுத் தண்டனை, இன்னொரு பக்கம் பிள்ளை வரம். இரண்டுக்கும் அதே ஸ்லைட் போதும். நான் எதை எழுதினாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. உண்மையைச் சொல்கிறேன், ஃபைப்ரொய்ட் என்று எழுத என் மனம் மிகவும் ஆசைப்பட்டது. பிள்ளைக்கு ஏங்கும் பெண்ணுக்கு நல்ல செய்தி சொல்ல யாருக்குத்தான் ஆசை இருக்காது?

கொழும்பில் எனக்குப் பயிற்சி கொடுத்த பேராசிரியை ஒருவர் இருந்தார். சிடுசிடுப்பான அம்மா. நாங்கள் "செத்த திசு" என்று சொன்னால் உடனே, "எப்படிச் செத்தது? பொலிஸ்காரன் கேட்பது போல் கேள்" என்பார். அந்தக் காலத்தில் அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. அன்றைக்கு அந்தக் குரல் காதில் விழுந்தது, இப்போது வரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுபடியும் கண்ணை வைத்தேன். இந்த முறை கட்டியை விட்டுவிட்டு, கட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்த நல்ல தசையைப் பார்த்தேன். அதுவும் நிழல்தான். இரத்தக் குழாயின் சுவர்? அதுவும் நிழல். கட்டி தானாகச் செத்தால் இரத்தக் குழாயைச் சுற்றியாவது கொஞ்சம் செல் உயிரோடு இருக்கும், ஏனென்றால் அங்கேதான் சாப்பாடு கிடைக்கிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல தசைக்கு ஒன்றும் ஆகாது. இங்கே நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாமே ஒரே மாதிரி வெளிறியிருந்தது, அதுவும் ஓரத்தில் அதிகம், உள்ளே போகப்போகக் குறைவு. இது உடம்புக்குள் நடந்த சாவாக எனக்குப் படவில்லை. வெளியிலிருந்து ஏதோ தின்றிருக்கிறது.

பெண்நோயியல் டொக்டருக்கு நானே போன் செய்தேன்.

"கட்டி எப்படிக் கழன்றது?"

ஃபைப்ரொய்ட் என்றால் தோல் உரித்த தோடம்பழம் மாதிரி கையோடு வந்துவிடும். அதை எங்கள் இருவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சுலபமாக வரவில்லை அக்கே. சில இடத்தில் ஒட்டிக்கொண்டு இழுத்தது. கட்டியைச் சுருக்க முன்பு ஊசி மருந்து ஏதாவது போட்டிருப்பார்கள், அதனால் என்று நினைத்தேன்."

போத்தலோடு அனுப்பிய துண்டுச்சீட்டில் அவர் இதை எழுதவில்லை. யாரும் எழுதமாட்டார்கள், அது குற்றமில்லை. கேட்க வேண்டியது நாம்தான்.

"போத்தலை யார் கொண்டுவந்தது?"

"எங்கள் வேன் போக நாளாகும் என்றதும் கணவனே கேட்டு வாங்கிக்கொண்டு போனான். சீக்கிரம் முடிவு தெரியணும் என்று."

அப்படித்தான் பிரான்சிஸை வரவழைத்தேன்.

இங்கே என் குணத்தையும் சொல்ல வேண்டும். நான் வாய்க்காரி. ஆய்வுகூடத்தில் போத்தலில் பேர் தப்பாக இருந்தால் கத்துகிற கத்தலில் வெளியே மரத்தில் இருக்கும் காகம் பறந்துவிடும். அன்றைக்கும் அந்த வாயோடுதான் எழுந்தேன். ஆனால் வாசலில் நின்றவரைப் பார்த்ததும் அடங்கிப் போனேன். மெலிந்த மனிதர், பூசைக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தொப்பி ஒன்றைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். "ஆயுபோவன் டொக்டர் நோனா" என்று சிங்களத்தில் வணக்கம் சொல்லி ஆரம்பித்தார். உதவியாளரை வெளியே அனுப்பினேன், கதவைச் சாத்தினேன், நாற்காலியைக் காட்டினேன்.

"தமிழ்லயே பேசுங்க. நானும் தோட்டத்துப் பொம்பளதான், கலவானப் பக்கம்."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"உங்களத் திட்டக் கூப்பிடல. போத்தலுக்கு வழியில என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாத்தான் உங்க சம்சாரத்துக்கு என்ன நோய் வருத்தம்னு என்னால சொல்ல முடியும். எது நடந்திருந்தாலும் சொல்லுங்க. இந்தக் கதவுக்கு வெளிய போகாது."

தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தோட்டத்துக்குத் தெரிய வருங்களா?"

"வராது."

"தொரைக்குத் தெரிஞ்சா வேல போயிருங்க."

"உங்க தொரைய எனக்குத் தெரியவே தெரியாது. சொல்லுங்க."

மெல்ல மெல்லச் சொன்னார். போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். அவிசாவளையில் பஸ் மாறுவதற்குள் மூடி தளர்ந்து, மருந்துத் தண்ணீர் பாதிக்கு மேல் உடுத்தியிருந்த சாரத்தில் கொட்டிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது போத்தல் வாங்கும் நேரம் முடிந்துவிட்டது. விடுமுறை கழிந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பயந்து போய் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

"தண்ணியில்லாமக் கெடந்தா அழுகிப் போயிரும்னு நெனச்சேங்க. அழுகிப்போச்சுன்னா மறுபடியும் அவ வயித்த அறுக்கணும்னு சொல்லிருவாங்களோன்னு பயம். ரப்பர்ப் பால வெட்டிக் கொண்டாந்து சும்மா வச்சா அந்தியாகுறதுக்குள்ள நாறிப்போயிருங்க. ஆசிட் ஊத்துனா ஒறஞ்சு நிக்கும். ஷீட் அடிச்சுப் போட்டா மாசக் கணக்கா ஒண்ணும் ஆகாது. அந்த மருந்துத் தண்ணிய மோந்து பாத்தேன். ஆசிட் மாதிரியே மூக்குல சுருக்குன்னு ஏறிச்சு. ரெண்டும் ஒரே சாதின்னு நெனச்சு ஸ்டோருல இருந்து கொஞ்சம் எடுத்துட்டு வந்து ஊத்திட்டேங்க."

"தண்ணி கலந்தா?"

"இல்லங்க. பாலுக்குத்தான் தண்ணி கலந்து ஊத்துவோம். இது அவளோட சத. காட்டமாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரசாயனத்தில் பார்த்தால் ரப்பருக்கு ஊற்றும் அந்த ஆசிட்டும் நம் ஃபோர்மலினும் சொந்தக்காரர்கள்தான், மூக்கில் ஏறுவதும் ஒரே மாதிரிதான். ஆனால் ஒன்று செல்லை அப்படியே நிறுத்தி வைக்கும், மற்றது அதன் நடுப்புள்ளியைத் தின்றுவிடும். நான் தேயிலைத் தோட்டத்துக்காரி. ரப்பர் ஸ்டோருக்குள் கால் வைத்ததே இல்லை. அவர் சொல்லியிருக்காவிட்டால் ஏழேழு ஜென்மத்துக்கும் எனக்கு இது தோன்றியிருக்காது. இந்தத் தவறை ஒரு ரப்பர்த் தோட்டத்துக்காரர்தான் செய்ய முடியும், அதுவும் பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவர்.

"தப்புப் பண்ணிட்டேங்களா டொக்டர்?"

"தப்புதான். ஆனா சொன்னீங்க பாருங்க, அதுக்கு உங்களுக்குப் புண்ணியம். போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்."

இதைக் கவனியுங்கள். உதவியாளர்கள் முன்னால் நிற்கவைத்து, "போத்தல்ல என்னய்யா பண்ணினே?" என்று நான் கேட்டிருந்தால், "ஒண்ணும் பண்ணலைங்க" என்றுதான் வந்திருக்கும். வேலை போய்விடும் என்ற பயத்தோடு வந்தவர் அவர். அந்தப் பயத்தையும் மீறி வாய் திறந்தார். தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய கொடைகளில் ஒன்றாக அதை வைத்திருக்கிறேன்.

அவர் போனதும் மிச்சக் கட்டியை வெளியே எடுத்தேன். ஆசிட் வெளியிலிருந்து உள்ளே போயிருக்கிறது என்றால், ஆக நடுவில் எங்கேயாவது அது எட்டாத இடம் இருக்க வேண்டும். இரண்டு புடைப்புகள் நெருக்கி மூடியிருந்த இடத்தில், கட்டியின் நடுவரைக்கும் போகும் ஆழமான ஒரு இடுக்கு இருந்தது. அதில் கருப்பையின் தசை கொஞ்சம் மாட்டிக்கொண்டிருந்தது. அங்கே வெட்டினேன். அதைச் சுற்றியும் வெட்டினேன். வழக்கமாக எடுப்பதைவிடப் பல மடங்கு துண்டு எடுத்தேன். உதவியாளர் முகத்தைச் சுளித்ததைப் பார்க்காதது போல் இருந்துகொண்டேன்.

அந்த ஸ்லைட்டுகளில் செல்கள் மங்கலாக இருந்தாலும் முகம் தெரிந்தது. தசைச் செல் நீளமாக இருக்கும். இவை நீளமில்லை. குட்டிக் குட்டியாக, உருண்டையாக, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இடையில் நூல் போன்ற இரத்தக் குழாய்கள். பயமுறுத்துகிற மாதிரி ஒன்றுமே இல்லை, பார்க்க அத்தனை சாதுவாக இருந்தன. ஆனால் இடுக்கில் மாட்டியிருந்த தசைக்குள் அவை நாக்கு நாக்காக நுழைந்துகொண்டிருந்தன. ஒரு சின்ன இரத்த நாளத்துக்குள்ளும் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அது ஃபைப்ரொய்ட் இல்லை. என் சக நிபுணர் நினைத்த கொடிய தசைப் புற்றுநோயும் இல்லை. கருப்பையின் உட்பூச்சுக்கு அடியில் இருக்கும் திசுவிலிருந்து வரும் அபூர்வமான சார்கோமா என்ற புற்றுநோய். மெதுவாக வளரும். சரியாக எடுத்துவிட்டால் நீண்ட ஆயுள் கிடைக்கும். விட்டுவிட்டால் வருஷங்கள் கழித்து வயிற்றிலோ நுரையீரலிலோ தலைகாட்டும், அப்போது அதைச் சினைப்பைக் கட்டி என்று எண்ணி யாரோ ஏமாறுவார்கள். இன்னொன்று, பெண் ஹோமோன்தான் அதற்குத் தீனி. ஸ்டெல்லா எந்த மாத்திரைக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தாளோ, அது இந்தக் கட்டிக்குச் சோறு போட்டிருக்கும்.

உறுதி செய்யச் சிறப்புச் சாயம் வேண்டும். அதற்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், பதில் வர நாளாகும். ஆசிட் பட்ட திசு என்பதால் சாயம் ஏறுமா என்பதும் நிச்சயமில்லை. அந்த நேரத்தில்தான் போன் வந்தது. ஸ்டெல்லா மாத்திரைக்கு வந்து கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறாளாம்.

"அக்கே, என்ன சொல்ல?"

"மாத்திரை கொடுக்காதீர்கள்."

"அப்படியானால் நிச்சயமாகப் புற்றுநோயா?"

"நிச்சயம் என்று கொழும்பு பதில் வந்த பிறகுதான் எழுதுவேன். ஆனால் என் தங்கை அங்கே உட்கார்ந்திருந்தால் மாத்திரையைத் தட்டிவிடுவேன்."

அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. காரணம் முழுசாகச் சொல்ல முடியாமல், ஆசையோடு காத்திருக்கும் பெண்ணிடம் இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று கிளினிக்கில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் என்னை நம்பி அதைச் செய்தார். வேறொருவராக இருந்தால், "ரிப்போர்ட் இல்லாமல் நான் எப்படி நிறுத்துவது?" என்று கேட்டிருப்பார். ஸ்டெல்லா வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதாளாம். அவர் தன் மற்ற நோயாளிகளைக் காக்கவைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். நர்ஸ் பிறகு சொன்னது.

நல்லவேளை, நடுத்துண்டில் சாயம் ஏறியது. கொழும்பும் நான் நினைத்ததையே சொன்னது. கருப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டன. மிச்சம் மீதி நோய் கருப்பைச் சுவரில் இருந்தது, அதற்கு வெளியே போகவில்லை. உயிர் தப்பினாள். ஆனால் வயிற்றில் ஒரு பிள்ளை என்பது இனி இல்லை. இதை வெற்றிக் கதையாக நான் சொல்லவில்லை, நீங்களும் அப்படிச் சொல்லாதீர்கள். எனக்கு அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

சில வாரம் கழித்து இரண்டு பேரும் ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார்கள். நம்மைத் தேடி நோயாளிகள் வருவதில்லையே, நான் கொஞ்சம் தடுமாறிப் போனேன். ஸ்டெல்லாவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். குட்டையான பெண், சத்திரசிகிச்சைக்குப் பிறகு முகம் வெளிறியிருந்தது, கண் மட்டும் கூர்மை. உள்ளே உட்காரவைத்தேன்.

"நன்றி சொல்ல வந்தோங்க," என்று ஆரம்பித்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "கேளுங்க. டொக்டர்கிட்டயே கேளுங்க. எங்கிட்டப் பொலம்பி என்ன பண்றது?" என்றாள்.

பிரான்சிஸ் தலையைக் குனிந்துகொண்டார். அவளே சொன்னாள்.

"இவரு சரியாச் சாப்பிடுறதும் இல்ல, தூங்குறதும் இல்லங்க. கட்டி நல்லதாத்தான் இருந்துச்சாம். இவரு ஆசிட்ட ஊத்தினதால கேன்சராப் போச்சாம். அதனாலதான் என் கர்ப்பப்பைய எடுத்தாங்களாம். அனே, எத்தனையோ தடவ சொல்லிட்டேன், நம்பமாட்டேங்கிறாரு."

அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"நான் ஊத்தாம இருந்திருந்தா அவளுக்கு ஒரு புள்ள கெடச்சிருக்குங்களா டொக்டர்?"

இத்தனை நாளும் கட்டியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம். இந்த மனிதர் தன்னையே கொலைகாரனாக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வேலைக்குப் போய், அதே ஆசிட்டைத் தினமும் கையால் எடுத்து ஊற்றியிருக்கிறார்.

வாயால் சொல்வது போதாது என்று தோன்றியது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் நுணுக்குக்காட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. அவருடைய நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போட்டேன். முதலில் ஓரத்து ஸ்லைட்டை வைத்தேன்.

"இது நீங்க ஊத்துன ஆசிட் பட்ட எடம். வெளிறிப் போயிருக்கு, தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

நடுத்துண்டை வைத்தேன்.

"இது ஆசிட் எட்டவே இல்லாத எடம். கட்டிக்கு நட்டநடு. இந்தக் குட்டி உருண்டையெல்லாம் பாருங்க, அந்தத் தசைக்குள்ள நொழையுது பாருங்க. இதுதான் நோய். ஆசிட் படாத எடத்துலதான் இது இருக்கு. நீங்க போத்தலத் தொடுறதுக்கு முன்னாடியே, அவங்க வயித்துல இருக்கும்போதே இருந்திருக்கு. நீங்க உண்டாக்கல."

கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்டெல்லா அவர் முதுகில் கையை வைத்திருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்றேன். நீங்க ஆசிட் ஊத்தாம இருந்திருந்தா, நான் வழக்கம்போல ஓரத்துல நாலு துண்டு வெட்டிப் பாத்திருப்பேன். இது பாக்குறதுக்குச் சாதுவான கட்டி, என்னய ஏமாத்தியிருக்கவும் கூடும். மாத்திரை குடுத்திருப்பாங்க. நீங்க ஊத்துனதாலதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. நீங்க உண்மையச் சொன்னதாலதான் எங்க வெட்டணும்னு தெரிஞ்சுச்சு."

ஆறுதலுக்காகச் சொன்ன பொய் இல்லை அது. அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அவர் நுணுக்குக்காட்டியின் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தபோது அதன் விளிம்பெல்லாம் நனைந்திருந்தது. தொப்பியால் துடைக்கப் பார்த்தார். "விடுங்க, நான் தொடச்சிக்கிறேன்," என்றேன். ஸ்டெல்லா அப்போதுதான் சிரித்தாள்.

"இனியாச்சும் ஒழுங்காச் சாப்பிடுங்க," என்றாள் அவரிடம்.

ரிப்போர்ட்டில் நோய் என்ன என்று எழுதுகிறோம். யாரால் அது வரவில்லை என்று எழுதுவதற்கு அதில் இடம் கிடையாது. ஆனால் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு யாராவது ஒருவர் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பார். தாய், கணவன், அக்கா, யாரோ. முடிந்தால் எழுந்து போய்ச் சொல்லுங்கள். நுணுக்குக்காட்டி எங்கும் ஓடிப்போகாது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் அவர்கள் இன்னொரு முறை வந்தார்கள். வருஷங்கள் ஓடியிருந்தன. ஸ்டெல்லாவுக்கு நெற்றியோரம் நரைத்திருந்தது, உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. கடைசியாக எடுத்த ஸ்கானிலும் ஒன்றும் இல்லை என்று முதல் காரியமாகச் சொன்னாள். பால் வெட்டுவதை விட்டுவிட்டாளாம். வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் புள்ளக் காம்பராவில் இப்போது ஆயாவாம். "ஒண்ணு கேட்டோம், கடவுள் வண்டியோட அனுப்பிட்டாரு. ஒரு நிமிஷம் காலாற ஒக்கார விடுதுங்களா அதுக?" என்று அலுத்துக்கொண்டாள். அந்த அலுப்பைப் போல் சந்தோஷமான அலுப்பை நான் கேட்டதில்லை.

பிரான்சிஸ் கையில் ஒரு வாளி இருந்தது. அதற்குள் துணி சுற்றிய ஒரு போத்தல். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சத்திரசிகிச்சையாம்.

"எங்க தோட்டத்துல யாருக்கு ஆபரேசன்னாலும் இப்பப் போத்தல இவருகிட்டத்தாங்க குடுக்குறாங்க," என்றாள் ஸ்டெல்லா.

அவர் துணியைப் பிரித்தார். மூடியைச் சுற்றி ரப்பர் ஷீட்டில் வெட்டிய நாடா, மூன்று சுற்றுக்கு இறுக்கிக் கட்டியிருந்தது. திரவம் கழுத்து வரை நிறைந்திருந்தது. என்னை நேராகப் பார்த்தார்.

"ஒரு சொட்டும் சிந்தலங்க டொக்டர். சிந்தியிருந்தா மொதல்ல அதைத்தான் சொல்லியிருப்பேன்."

நான் எழுந்து நின்று இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டேன்.